பொத்தானுக்குப் போன பார்சல்

பிப்ரவரி 10

சின்னவளுக்கு,

பார்சல் போட்டாச்சு. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என் புலம்பலை எல்லாம் படித்து முடித்த பிறகுதான் உனக்கு விஷயமே தெரியவரும்.

இன்று பாதி நாள் தபால் ஆபீஸில் போயிற்று. கவுன்டரில் இருக்கும் அம்மாவை உனக்குத் தெரியாது. கண்ணாடியை மூக்கு நுனியில் மாட்டிக்கொண்டு, நாம் பேசும்போது நம்மைப் பார்க்காமல் நம் கையைப் பார்ப்பாள். உள்ளே என்ன என்று கேட்டாள். குழந்தைத் துணி என்றேன். "துணின்னா போதாதும்மா, வெளிநாட்டுக்குப் போற பார்சல். என்ன துணி, பருத்தியா வேறயா, எத்தனை உருப்படி, என்ன விலை, எல்லாம் கஸ்டம்ஸ் படிவத்துல வரணும்" என்றாள். துணியைப் பற்றி என்னிடம் கேட்டால் விடுவேனா? நூல் நம்பர் வரைக்கும் எழுதினேன். இடம் போதாமல் பின்பக்கமும் எழுதினேன்.

விலை எழுதும்போதுதான் தகராறு. "கம்மியா போடுங்க, அங்க வரி கேப்பாங்க" என்றாள். கம்மியாக ஏன் போடவேண்டும்? ஊரில் இருக்கிற அத்தனை பிள்ளைகளுக்கும் பள்ளிச் சீருடை தைத்து முடித்துவிட்டு, நம் வீட்டுப் பிள்ளைக்கென்று இப்போதுதான் முதல்முறையாகத் தைத்திருக்கிறேன். அதற்கு நானே மதிப்பில்லை என்று எழுதிக் கொடுப்பதா? கடையில் என்ன சொல்வேனோ அதையே எழுதினேன்.

எல்லாம் ஒரே மாதிரி, நான்கு அளவில். பிறந்ததும் போட, உட்காரும்போது போட, தவழும்போது போட, நடக்கும்போது போட. பொத்தான் எதிலும் கிடையாது, பிய்த்து வாயில் போட்டுக்கொள்ளும். கழுத்தில் நாடாதான். முதல் ஸ்கேனில் பார்த்துவிட்டு "சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்குக்கா" என்று நீ எழுதிய நாளிலிருந்து எனக்கு அது பொத்தான்தான். பொத்தானுக்குப் பொத்தான் வைக்காத சட்டை. கட்டிங் மாஸ்டரிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். அந்த மனுஷனுக்குச் சிரிப்பே வரவில்லை.

கடைசியில் ஒரு கேள்வி. அங்கே யாரும் வாங்காவிட்டால் திருப்பி அனுப்பவா, அழித்துவிடவா, ஒன்றில் டிக் போடுங்கள் என்றாள். திரும்பி வந்தால் அதற்கும் கட்டணமாம். என் தங்கை வாங்காமல் யார் வாங்குவார்கள் என்று சொல்லி, அழித்துவிடு என்பதில் டிக் போட்டுவிட்டு வந்தேன்.

போன் செய்யாதே. இத்தனை வருஷம் மிஷின் சத்தத்தில் கிடந்த காது, நீ பேசுவது ஈ பறக்கிற மாதிரி கேட்கிறது. எழுது.

அக்கா


மார்ச் 4

அன்புள்ள அக்கா,

பார்சல் இந்த நாட்டுக்கு வந்துவிட்டது. என்னிடம் வரவில்லை. சுங்க அலுவலகத்தில் நிறுத்தி வைத்துவிட்டு எனக்கு ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறார்கள். அவரும் நானும் அதைச் சாப்பாட்டு மேஜையில் வைத்து இரண்டு பேருமாகப் படித்தோம். அவர் லாரியில் சரக்கு ஏற்றிப் போகிறவர், அவருக்கு இந்தக் காகித பாஷை கொஞ்சம் புரியும். படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

கோபப்படாமல் கேள். ஒவ்வொரு சட்டையின் கழுத்திலும் உன் கடை லேபிளை வைத்துத் தைத்திருக்கிறாயாம். ஒரே மாதிரி, நான்கு அளவு, புதுசு, கடை லேபிள், கடை விலை. இது விற்பனைக்கு வந்த சரக்கு, இல்லாவிட்டால் வியாபாரிக்குக் காட்ட வந்த சாம்பிள் என்கிறார்கள். இறக்குமதி உரிமம் எங்கே, பில் எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். குழந்தை உடுப்பில் கழுத்தைச் சுற்றி நாடா ஏன் என்று ஒரு தனிக் கேள்வி. நான் ஹோட்டல் சலவைக் கூடத்தில் படுக்கை விரிப்பு மடிக்கிறவள், என்னைப் போய் இறக்குமதியாளர் என்று எழுதியிருக்கிறார்கள். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது.

இவை விற்பனைக்கு அல்ல, என் தங்கையின் குழந்தைக்கு அன்பளிப்பு என்று நீ ஒரு கடிதம் எழுதி அனுப்பினால் போதும் என்று நினைக்கிறேன். லேபிள் எதற்கு அக்கா வைத்தாய்?

பொத்தான் இப்போது பொத்தான் அளவு இல்லை. உன் கத்தரிக்கோல் நீளம் வந்திருக்கும் என்று அவர் சொல்கிறார். வாசலில் செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அலமாரி வாங்கி வைத்திருக்கிறோம், காலியாக. உன் துணி வந்தால் அடுக்க.

உன் தங்கை


மார்ச் 17

சின்னவளுக்கு,

லேபிள் எதற்கா? நல்லா இருக்கிறது கேள்வி. என் கையிலிருந்து ஒரு கைக்குட்டை போனாலும் லேபிள் இல்லாமல் போகாது. அது பிரிந்த நூல் மாதிரி தொங்கிக்கொண்டு நிற்காது, பிள்ளையின் கழுத்தை உறுத்தாது, அதற்கென்று பட்டு ரிப்பனில் தைத்தேன். யார் வீட்டுப் பிள்ளை, யார் தைத்த துணி என்று தெரியவேண்டாமா?

உன் வீட்டுக்காரர் தலையில் கை வைத்தாராமே. அவர் கல்யாணத்துக்குப் போட்ட கோட்டும் என் லேபிள்தான் என்று அவரிடம் சொல்.

கடிதம் இத்துடன் இருக்கிறது. சும்மா தாளில் எழுதினால் மதிக்கமாட்டார்கள் என்று கடை லெட்டர்பேடில் எழுதி, கீழே கடை முத்திரை குத்தி, அதன் மேல் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கட்டிங் மாஸ்டரும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். இதற்கு மேல் எவன் என்ன கேட்பான் பார்க்கிறேன்.

விரிப்பு மூட்டை தூக்காதே. மடிக்கிற வேலை மட்டும் செய். மேஸ்திரி கேட்டால் அக்கா சொன்னாள் என்று சொல்.

அக்கா


ஏப்ரல் 2

அன்புள்ள அக்கா,

நீ அனுப்பிய கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அங்கிருந்த ஆள் லெட்டர்பேடைப் பார்த்தான், முத்திரையைப் பார்த்தான், "கம்பெனியே எழுதிக் குடுத்திருக்கே" என்றான். முன்பு சந்தேகம்தான் இருந்தது, இப்போது உறுதியாகிவிட்டது அவனுக்கு. அக்கா, உன்னை என்ன செய்வது? வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பஸ்ஸில் உன்னைத் திட்டிக்கொண்டே வந்தேன், பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

இனி நீ ஒன்றும் எழுதி அனுப்பவேண்டாம். அவனே ஒரு வழி சொன்னான். குழந்தை பிறக்கப்போவதற்கு மருத்துவரிடம் ஒரு சான்று வாங்கிவரச் சொன்னான். அதோடு ஒரு உறுதிமொழிப் படிவம் இருக்கிறது, துணியை யார் உடுத்தப்போகிறார்கள், எனக்கு என்ன உறவு என்று எழுதவேண்டும். இரண்டும் இருந்தால் விட்டுவிடுவார்களாம். படிவத்தை நான் எழுதி வைத்துவிட்டேன், பெயரும் மகனா மகளா என்பதும் மட்டும் பாக்கி. அவர் ஒரு பெயர் சொல்கிறார், நான் ஒன்று சொல்கிறேன், தினமும் சண்டை. இந்த மாதக் கடைசியில் டாக்டரிடம் போகிற நாள் வருகிறது. அன்றைக்கே சான்றும் வாங்கிவிடுகிறேன்.

அசைகிறது அக்கா. விரிப்பு மடிக்கிற மேஜையில் வயிறு இடித்தால் திருப்பி ஒரு உதை. உன் குணம்தான்.

தங்கை


ஏப்ரல் 15

சின்னவளுக்கு,

சரி, நான் வாயைத் திறக்கவில்லை. கவுன்டர் அம்மாவிடம் லெட்டர்பேட் கதையைச் சொன்னேன். அந்த அம்மா சிரித்து நான் பார்த்ததே இல்லை, கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தாள். "உங்க பார்சலை நான் தினமும் கம்ப்யூட்டர்ல பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றாள். நல்ல மனுஷிதான் போலிருக்கிறது.

உதைக்கட்டும். உதைக்கிற பிள்ளைக்குத் தையல் இரட்டையாகப் போடவேண்டும், அடுத்த பார்சலில் கவனிக்கிறேன். அடுத்ததில் லேபிள் கிடையாது, பயப்படாதே.

டாக்டர் சான்று வாங்கியதும் எழுது. முதல் சட்டையைப் போட்டு ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, கடைச் சுவரில் மாட்ட ஆணி அடித்தாகிவிட்டது.

அக்கா


மே 9

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் வந்தது. இங்கே வேலை அதிகம். பார்சல் இன்னும் வரவில்லை. அதற்காக நீ அலையவேண்டாம். அவர் நன்றாக இருக்கிறார்.

தங்கை


ஜூன் 1

சின்னவளுக்கு,

நாலு வரி. அதற்கு ஒரு உறை, ஒரு ஸ்டாம்ப். நான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், பின்பக்கம் ஏதாவது எழுதியிருக்கிறாயா என்று. அவர் நன்றாக இருக்கிறார் என்று எழுதத் தெரிகிறது, நீ எப்படி இருக்கிறாய், பிள்ளை எப்படி இருக்கிறது என்று எழுதக் கை வரவில்லை.

நேற்று கவுன்டர் அம்மா கடைக்கே வந்துவிட்டாள். கவுன்டரை விட்டு வெளியே அவளை நான் பார்த்ததில்லை, இன்னார் என்று தெரியவே கொஞ்ச நேரம் ஆனது. "உங்க தங்கச்சி கஸ்டம்ஸுக்குப் பதிலே சொல்லலையாம். ஜூலை முடியிறதுக்குள்ள யாரும் வாங்கலைன்னா அழிச்சிடுவாங்க. நீங்கதான் டிக் போட்டுக் குடுத்திருக்கீங்க" என்றாள். மாற்ற முடியாதா என்று கேட்டேன். டிக் போட்டது போட்டதுதானாம். நீ போய் எடுத்தால் உண்டு.

நீ ஏன் போகவில்லை? ஒரு சான்று வாங்கிக் கொடுக்க ஒரு மாதமா? நான் சொல்கிறேன் ஏன் என்று. அங்கே கண்ணாடிக் கடையில் தொங்குகிற துணியைப் பார்த்துவிட்டாய். அக்கா தைத்தது இளப்பமாகிவிட்டது. லேபிளைப் பார்த்து அந்த ஆள் சிரித்தான் என்று உனக்கு வெட்கம். உன்னைத் தூக்கி வளர்த்த கை தைத்தது, அதை நெருப்பில் போட அந்த ஊர்க்காரனுக்கு விட்டுவிட்டாய்.

போ, வேண்டாம். எனக்கு மனசு ஆறவில்லை. பிள்ளை பிறந்ததும் தகவல் சொல், அதுவரை கடிதம் எழுதாதே.

அக்கா


ஜூன் 14

அக்கா,

பிள்ளை இல்லை.

இதை எப்படி எழுதினாலும் இப்படித்தான் எழுதவேண்டியிருக்கிறது. ஏப்ரல் கடைசியில் அந்தச் சான்று வாங்கத்தான் போனேன். முன்தினத்திலிருந்து உதை இல்லை. தூங்குகிறது என்று நினைத்தேன். டாக்டரம்மாவிடம் படிவத்தை நீட்டி, இதோடு வைக்க, எப்போது பிறக்கும் என்று ஒரு சான்று எழுதித் தரவேண்டும் என்றேன். "சரி, படுங்க, ஒரு தடவை துடிப்பு பார்த்துட்டு எழுதித் தர்றேன்" என்றாள். கருவியை இங்கே வைத்தாள், அங்கே வைத்தாள். வெளியே போய் இன்னொரு டாக்டரைக் கூட்டி வந்தாள். நான் அந்தப் படிவத்தைக் கையிலேயே வைத்திருந்தேன். அவர்கள் சொல்வதற்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

மறுநாள் பெற்றேன். பெறவேண்டியிருந்தது அக்கா, பிள்ளை உயிரோடு இருந்தால் எப்படியோ அப்படியேதான். அவர் லாரியைப் பாதி வழியில் விட்டுவிட்டு வந்து சேர்ந்தார். அதுவரை அவர் அழுது நான் பார்த்ததில்லை.

போனில் சொல்ல மூன்று தடவை எடுத்தேன். நீ என்ன, என்ன என்று கேட்பாய். நான் சத்தமாகச் சொல்லவேண்டும், திரும்பவும் சத்தமாகச் சொல்லவேண்டும். அதைக் கத்திச் சொல்ல என்னால் முடியாது. எழுத உட்கார்ந்தால் நீ சுவரில் அடித்து வைத்த ஆணி ஞாபகம் வருகிறது. அதனால்தான் நாலு வரி.

ஆஸ்பத்திரியில் ஒரு காகிதமாவது கொடுங்கள் என்று கேட்டேன். அத்தனை வாரம் நிரம்பவில்லையாம். பிறப்புச் சான்றும் கிடையாது, இறப்புச் சான்றும் கிடையாது. "எங்க கணக்குல இது பிறப்பு இல்லைங்க" என்றாள் அங்கே பதிவேடு எழுதுகிற பெண், பாவம், மெதுவாகத்தான் சொன்னாள்.

அந்தப் படிவம் இன்னும் என் பையில் கிடக்கிறது. உடுத்தப்போவது யார் என்று கேட்டிருக்கிறது. நான் என்ன எழுதுவேன்? உன் தையல் இளப்பம் இல்லை. அந்தப் பெட்டியைத் திறந்து அதில் இருக்கிறதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை, அவ்வளவுதான். அழித்துவிடட்டும் அக்கா. நீ டிக் போட்டது நல்லதுக்குத்தான்.

தங்கை


ஜூன் 27

என் தங்கமே,

கடிதத்தைக் கட்டிங் மேஜைக்குப் பக்கத்தில் நின்று படித்தேன். பிறகு கடையை மூடினேன். மாஸ்டர் போகும்போது அந்த ஆணியை மட்டும் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார், நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

நான் எழுதின கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு. நீ அங்கே அப்படிக் கிடந்திருக்கிறாய், நான் இங்கே துணிக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். பொறுக்காமல் முன்னாலேயே தைத்துவிட்டேனோ என்றும் தோன்றுகிறது. இதற்கு நீ பதில் சொல்லவேண்டாம். தோன்றுகிறது, எழுதினேன்.

என் காது பாழாய்ப் போகட்டும். நீ கத்தவேண்டாம், போன் செய். பேசாமல் வைத்துக்கொண்டிரு, நானும் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

துணியைப் பற்றி நினைக்காதே. தைத்தது நான், அழித்தால் அழிக்கட்டும். நீ அந்த ஆபீஸ் வாசலை மிதிக்கக் கூடாது. கவுன்டர் அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். அவள் கம்ப்யூட்டரை மூடிவிட்டு வெளியே வந்து என் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தாள். பின்னால் நின்றவர்கள் வரிசையில் காத்திருந்தார்கள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன், முடிந்தால் சொல், முடியாவிட்டால் வேண்டாம். பெண்ணா, பையனா? நீ எழுதவே இல்லை. நான் இன்னும் பொத்தான் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அக்கா


ஜூலை 12

அன்புள்ள அக்கா,

நேற்று நான் போன் செய்ததும் நாம் இரண்டு பேரும் பேசாமல் வைத்திருந்ததும் எனக்குப் போதுமாக இருந்தது. உன் பக்கம் மிஷின் சத்தம் கேட்டது. கடையைத் திறந்துவிட்டாய் என்று தெரிந்துகொண்டேன்.

உன் பேச்சை மீறி இன்று சுங்க அலுவலகத்துக்குப் போனேன். ஏன் என்று கேட்காதே. காலையில் சலவைக் கூடத்துக்குத்தான் கிளம்பினேன், பஸ் மாறிவிட்டேன். பழைய ஆள் இல்லை, ஒரு நடுத்தர வயசுப் பெண் இருந்தாள். என் முன்னாலேயே பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் பரப்பினாள். ரிப்பன் லேபிளைத் தடவிப் பார்த்தாள். நான்கு அளவில் மிகச் சின்னதைக் கையில் எடுத்தேன். அக்கா, அதுவே அவளுக்குப் பெரிசு. ரொம்பப் பெரிசு.

ஆமாம், பெண்.

"யார் தைச்சது?" என்று அந்த அலுவலகப் பெண் கேட்டாள். எங்க அக்கா என்றேன். "விக்கிறதுக்கு இல்லைன்னு பார்த்தாலே தெரியுது. இவ்வளவு பொறுமையா தைச்சு யாரும் விக்க மாட்டாங்க" என்றாள். மருத்துவர் சான்று கேட்கவில்லை. படிவத்தை மட்டும் பூர்த்தி செய்யச் சொன்னாள். பையிலிருந்த அதே படிவத்தை எடுத்தேன், மடிப்பில் கிழிய ஆரம்பித்திருந்தது. உடுத்துபவர் பெயர் என்ற இடத்துக்கு வந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். அவள் அவசரப்படுத்தவில்லை. அவரும் நானும் சண்டை போட்ட பெயர்கள் ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை. பொத்தான் என்று எழுதினேன். உறவு என்ற இடத்தில் மகள் என்று எழுதினேன்.

அவள் அதை வாசித்துப் பார்த்து, எப்படிச் சொல்லவேண்டும் என்று என்னிடமே கேட்டாள். சொல்லிக் கொடுத்தேன். இரண்டு தரம் சொல்லிப் பார்த்தாள். பிறகு சிரித்துக்கொண்டு, மகள் பிறந்ததற்கு வாழ்த்து சொன்னாள்.

நன்றி என்றேன் அக்கா. வேறு யாரும் எனக்கு வாழ்த்து சொல்லவில்லை. அதை வாங்கிக்கொள்ளவேண்டும் போல இருந்தது, வாங்கிக்கொண்டேன். அவள் முத்திரை குத்தி, கையெழுத்துப் போட்டு, ஒரு நகலை எனக்குக் கொடுத்தாள்.

துணியை எல்லாம் துவைத்து, நாடாவை முடிச்சுப் போட்டு, அந்தச் சின்ன அலமாரியில் அடுக்கியிருக்கிறேன். லேபிள் எதையும் பிரிக்கவில்லை. அவர் வேலை முடிந்து வந்ததும் பார்த்தார். அலமாரிக் கதவை மூடாமல் அதன் முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

நகலை இத்துடன் அனுப்புகிறேன். அவள் பெயர் எழுதி, மகள் என்று எழுதி, அரசாங்க முத்திரை விழுந்த காகிதம் இது ஒன்றுதான். கடையில் வேண்டாம், வீட்டில் வை.

உன் தங்கை